ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் வேலை: உடம்பையும் சம்பளத்தையும் காப்பாற்றிக்கொள்ள முழுமையான வழிகாட்டி

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் கவுண்டரில் முப்பது நாற்பது புடவை பிரிந்து கிடக்கும். அதை மடித்து, கட்டம் பார்த்து அடுக்கி, பாலிதீன் கவரில் போடாமல் யாரும் கிளம்ப முடியாது. அந்த முக்கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. சூப்பர் மார்க்கெட்டில் பில் கவுண்டரை மூடிக் கேஷ் டேலி பார்க்கிற அரை மணி நேரமும் அப்படித்தான். புடவை மடிக்கிறவருக்கு மாதத்துக்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் இப்படிக் காற்றோடு போகிறது.

தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கான சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. உரிமைகள் அதில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் கடைக்குள் எல்லாமே வாய்வார்த்தை. வேலைக்குச் சேர்ந்தது, சம்பளம் பேசியது, லீவு கேட்டது, ஃபைன் போட்டது எதற்கும் ஊழியர் கையில் தாள் இருக்காது. பிரச்சினை பெரிதாகித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் நிற்கும்போது, அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். ஆகவே இந்த வழிகாட்டி சட்டப் பிரிவில் தொடங்கவில்லை. ஐம்பது ரூபாய்க்கு வாங்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது.

1. முதல் வேலை: ஒரு நோட்டு

சட்டைப் பையிலோ ஹேண்ட்பேக்கிலோ அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். தாள் கிழிக்க வராத, தைத்த நோட்டாக இருக்கட்டும். கிழிக்கிற வகை நோட்டைக் காட்டினால், "அப்புறமா எழுதிச் சேர்த்தது" என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். ஒரே பேனா, ஒரே வரிசை, அடித்தல் திருத்தல் இல்லாமல்:

தேதி, கடைக்குள் நுழைந்த நேரம், சாப்பாட்டுக்குப் போன நேரமும் திரும்பிய நேரமும், கடையை விட்டு வெளியே வந்த நேரம், அன்று நடந்தது ஏதேனும் இருந்தால் ஒரு வாக்கியம்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சேருங்கள். பெரும்பாலான கடைகளில் பில்லில் சேல்ஸ்மேன் நம்பரும் நேரமும் அச்சாகின்றன. அன்று நீங்கள் போட்ட முதல் பில்லின் எண்ணையும் கடைசிப் பில்லின் எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "இரவு 9.52, கடைசிப் பில் 48117" என்று உங்கள் நோட்டில் இருந்தால், அதே பில் கடையின் கம்ப்யூட்டரிலும் ஜிஎஸ்டி கணக்கிலும் இருக்கும். ஒன்பது மணிக்கே அனுப்பிவிட்டோம் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. எண்ணை எழுதினால் போதும். பில்லைப் போட்டோ எடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் போன் நம்பர் அதில் இருக்கும். கடைத் தகவலை வெளியே கொண்டுபோனதாக உங்கள் மேலேயே குற்றம் திரும்பும்.

நோட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டியவை: ஐடி கார்டின் இரு பக்கப் போட்டோ, சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளின் நகல், சம்பளம் வங்கியில் விழுந்த மெசேஜ், ஃப்ளோர் வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு யாருக்கும் வாரலீவு கிடையாது" என்பது போல வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், ஹாஸ்டல் மெஸ் டோக்கன். ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்கே வீட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வேலையிலிருந்து நிறுத்தினால் முதலில் நடப்பது அந்தக் குழுவிலிருந்து உங்களை நீக்குவதுதான்.

அசல் மார்க் ஷீட், டிசி, ஆதார் அட்டையைக் கடையில் கொடுக்க வேண்டாம். நகல் போதும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி, தேதியோடு ஒரு கையெழுத்து வாங்குங்கள். வேலையை விட முடியாமல் பலர் மாட்டிக்கொள்வது சம்பளப் பாக்கியை விட இந்தச் சான்றிதழ்களால்தான்.

2. நேரக் கணக்கு: எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 சொல்வது இது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் வேலை வாங்கினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கட்டாயம். காலை நுழைந்ததிலிருந்து இரவு வெளியேறும் வரை, ஓய்வையும் சேர்த்து, 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இரு மடங்கு.

இதைப் பணமாக்கிப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். காலை 9.30-க்கு உள்ளே, இரவு 9.30-க்கு வெளியே, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்.

- ஒரு நாள் சம்பளம்: 12,000 ÷ 26 = சுமார் 461 ரூபாய் 50 பைசா
- ஒரு மணி நேரத்துக்கு: அதை 8-ஆல் வகுத்தால் சுமார் 57 ரூபாய் 70 பைசா
- கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு: சுமார் 115 ரூபாய் 40 பைசா
- நாளுக்கு 11 மணி நேர வேலையில் கூடுதல் 3 மணி. 26 நாளுக்கு 78 மணி
- வர வேண்டிய கூடுதல் சம்பளம்: 9,000 ரூபாய்

12,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 9,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. வாரத்துக்கு 66 மணி நேரம் என்பது கூடுதல் நேரத்தையும் சேர்த்த உச்சவரம்பையே 12 மணி தாண்டுகிறது. கூடுதல் சம்பளம் கொடுத்தாலும்கூட அவ்வளவு நேரம் வாங்குவது தவறு. உங்கள் சம்பளத்தையும் நேரத்தையும் போட்டு இதே கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை செய்து வையுங்கள். சாப்பாட்டு நேரம் அரை மணிதான் என்றால் கணக்கு இன்னும் ஏறும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. "கவர்ன்மென்ட்டே சொல்லிடுச்சு" என்று சூப்பர்வைசர் சொல்வது இதைத்தான். அந்த அனுமதி கடை திறக்கும் நேரத்துக்கானது, ஆளின் வேலை நேரத்தை அது நீட்டவில்லை. அதோடு வந்த நிபந்தனைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்: சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரலீவு உண்டு, அன்றன்று யார் யார் லீவில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கடையில் பார்வைபடும் இடத்தில் இருக்க வேண்டும், சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அவர்களே எழுத்தில் சம்மதித்தால் மட்டும், பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் செய்து கொடுத்து வேலை வாங்கலாம். சேரும்போது நீட்டும் தாள்களில் இந்தச் சம்மதக் கடிதமும் ஒன்றாக இருக்கலாம். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

லீவு: ஓராண்டு முடித்தால் சம்பளத்தோடு 12 நாள். அது போக, உடம்பு சரியில்லை என்றால் ஆண்டுக்கு 12 நாள் வரை, தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

3. சம்பளமும் பிடித்தமும்

2025 நவம்பர் 21 முதல் நாடு முழுவதும் ஊதியச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. கடை ஊழியருக்கு அதில் பயன்படும் பகுதிகள் பல. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஹாஸ்டல், மெஸ், அட்வான்ஸ் என்று பிடித்துப் பிடித்துக் கையில் மூவாயிரம் கொடுப்பவர்களுக்கு இந்த விதி தெரியாமல் இருக்காது.

அடிக்கடி நடக்கும் மூன்று பிடித்தங்களைத் தனியாகப் பார்க்கலாம்.

தாமதக் கட். பத்து நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளம் போச்சு என்பது பல கடைகளில் எழுதாத விதி. எவ்வளவு நேரம் வரவில்லையோ அந்த அளவுக்கு மட்டுமே பிடிக்க முடியும். நாளுக்கு 461 ரூபாய் சம்பளத்தில் பத்து நிமிடம் என்பது பத்து ரூபாய்கூட இல்லை.

ஃபைன். கடைக்குள் பேசினது, போன் எடுத்தது, கவுண்டரில் சாய்ந்து நின்றது என்று போடும் ஃபைன். எந்தெந்தச் செயலுக்கு ஃபைன் என்று அரசு ஒப்புதலோடு அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்காமல் போடக் கூடாது. மொத்தத்தில் அந்த மாதச் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய்க்கு அது 360 ரூபாய். தவணையில் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழிந்த பின் பிடிக்கவே கூடாது.

ஷார்ட்டேஜ். ஸ்டாக் எடுக்கும்போது குறைகிற சரக்கின் விலையை அந்த ஃப்ளோரில் உள்ள எல்லார் தலையிலும் பங்கு போடுவது. உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைத்த பொருள் உங்கள் அசட்டையாலேயே தொலைந்தது என்றால்தான், உங்கள் பதிலைக் கேட்ட பிறகு, நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். நூறு பேர் நடமாடும் ஃப்ளோரில் காணாமல் போன சுடிதாருக்கு எட்டுப் பேர் பங்கு கட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. கேஷ் கவுண்டரில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: கல்லாவை எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் ரூபாய் நோட்டு வாரியாக எண்ணி, தொகையை எழுதி, எதிர்க் கையெழுத்து வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் லாகினில் இன்னொருவரை உட்கார விடாதீர்கள். கேஷ் குறைவதில் பாதிக் குழப்பம் அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது.

இனி இஎஸ்ஐ (ஊழியருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). இஎஸ்ஐ: 10 பேருக்குக் குறையாத கடை, மாதச் சம்பளம் 21,000 வரை. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 12,000-க்கு உங்களிடம் 90 ரூபாய் பிடிப்பார்கள், கடை 390 ரூபாய் கட்ட வேண்டும். பிஎஃப்: 20 பேருக்குக் குறையாத கடை. இருவர் பங்கும் தலா 12 சதவீதம். பிடித்தார்களா என்று பார்ப்பதோடு நிற்காமல், கட்டினார்களா என்று பாருங்கள். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைப் போனில் ஆக்டிவேட் செய்து, அரசின் உமாங் ஆப்பில் மாதா மாதம் பாஸ்புக்கைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது பெரிய குற்றம். பிஎஃப் அலுவலகத்தில் இதைப் புகாராகக் கொடுக்கலாம்.

இஎஸ்ஐ-யில் பலருக்குத் தெரியாமல் போகும் பலன்: மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை தினச் சம்பளத்தில் 70 சதவீதம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இதற்கு அரையாண்டில் 78 நாளுக்காவது பங்கு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. சீசன் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள் இந்த 78 நாள் கணக்கில்தான் தவறவிடுகிறார்கள். பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளமும் இதே வழியில் கிடைக்கும்.

சம்பளம் கையெழுத்துப் போட்டு வாங்குகிற கடையானால், வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியிருக்கும் தொகையை விடக் குறைவாகக் கொடுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "ரூ. 9,200 மட்டும் பெற்றேன்" என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதி போடுங்கள். கடைகளுக்கான குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்பது தொழிலாளர் துறை இணையதளத்தில் இருக்கிறது. அகவிலைப்படி மாறுவதால் ஒவ்வோர் ஏப்ரலிலும் தொகை ஏறும். ஏப்ரல் சம்பளத்தை மார்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. உட்காரும் உரிமை

கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் ஏற்ற இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. சாரம் அவ்வளவுதான்.

நடைமுறையில் இரண்டு விதத்தில் இது வீணாகிறது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று. ஃப்ளோருக்கு இரண்டே ஸ்டூல் போட்டு, பதினைந்து பேரை விடுவது இன்னொன்று. சட்டம் சொல்வது எல்லாருக்கும் இருக்கை.

கேட்கும்போது தனியாகப் போகாதீர்கள். ஒரே ஃப்ளோரில் மூன்று நான்கு பேர் சேர்ந்து, கூட்டமில்லாத பகல் நேரத்தில், செவ்வாய் புதன் போன்ற நாளில் மேனேஜரைப் பாருங்கள். முகூர்த்த நாளும் ஞாயிறும் வேண்டாம். பேச்சு இப்படி இருக்கலாம்:

"சார், நின்னுட்டே இருந்து கால் வீங்குது. கஸ்டமர் இல்லாத நேரத்துல உட்கார ஸ்டூல் வேணும். 2021-லயே சட்டம் வந்திருக்கு சார், 22-அ பிரிவு. கஸ்டமர் வந்தா உடனே எழுந்துடுவோம். ஆளுக்கு மணிக்குப் பத்து நிமிஷம் மாத்தி மாத்தி உட்கார்றோம்."

சட்டத்தைச் சொல்லும்போதே நடத்திக்காட்டும் முறையையும் சொல்வதால் மறுப்பது கடினமாகிறது. அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்: யார் யார் போனோம், யாரிடம், என்ன பதில்.

5. கால்களைக் காப்பாற்றுவது

நடப்பதால் கால் கெடுவதில்லை. அசையாமல் நிற்பதால்தான் கெடுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறும். கவுண்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. ரத்தம் கீழேயே தேங்கி, சில ஆண்டுகளில் நாளம் நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொள்ளும். வெரிகோஸ் என்று சொல்வது இதைத்தான். ஒருமுறை புடைத்த நாளம் தானாகப் பழையபடி ஆகாது. ஆகவே வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை:

அரை மணிக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள், இருபது தடவை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு செய்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிறகு விரல்களை மட்டும் உயர்த்திப் பத்து தடவை. கவுண்டருக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குறைவான மரக்கட்டையோ, துணி வரும் கனமான அட்டைப் பெட்டியோ வைத்து, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு வலிக்கு இதைவிடச் சுலபமான வைத்தியம் கிடையாது.

செருப்பு, ஷூவைச் சாயங்காலத்தில் வாங்குங்கள். அந்த நேரத்தில்தான் பாதம் அதன் முழு வீக்கத்தில் இருக்கும். தட்டையான ரப்பர் செருப்பும் வேண்டாம், உயரமான ஹீல்ஸும் வேண்டாம். குதிகால் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமும் மெத்தென்ற அடியும் போதும். கடைக்குள் செருப்பு போடக் கூடாது என்றால், கெட்டியான காட்டன் சாக்ஸ் போட அனுமதி கேளுங்கள். நிற்கும் இடத்தில் பழைய யோகா பாயை இரண்டாக மடித்துப் போட்டாலும் கிரானைட் தரையின் கடினம் ஓரளவு குறையும்.

இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நோயும் காலில் ரத்த ஓட்டக் குறைவும் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். போட்டுக்கொள்ளும் நேரம் முக்கியம்: காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன். வீங்கிய பிறகு போட்டால் வீக்கத்தையே கட்டி வைத்ததாகிவிடும்.

இரவில் சுவரோரம் படுத்து, இரண்டு காலையும் சுவரின் மேல் சாய்த்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல வலித்தால், எழுவதற்கு முன்பே கட்டைவிரலைக் கையால் உங்களை நோக்கி இழுத்து முப்பது நொடி பிடியுங்கள், மூன்று தடவை. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, பாதத்துக்கு அடியில் உருட்டுவதும் வலியைக் குறைக்கும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் கட்டியிருக்கலாம். தைலம் தேய்த்து மறுநாள் வரை காத்திருக்கக் கூடாத வலி அது.

6. தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு

கழிப்பறைக்கு டோக்கன் வைக்கும் கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் அடக்குவதும் தண்ணீர் குறைவதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும். எரிச்சல், அடிக்கடி முட்டுவது, கலங்கலாகப் போவது, கூடவே முதுகுப் பக்கம் வலியும் குளிர்காய்ச்சலும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். மணிக்கு ஒரு டம்ளர் என்று பழகுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். மாதவிலக்கு நாட்களில் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பேட் மாற்ற வேண்டும். தொற்று அடிக்கடி வந்தால் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டி, சீட்டில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைக் காட்டி மேனேஜரிடம் பேசுவது எளிது.

ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு அதிகம், பருப்பும் காயும் குறைவு. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ பையில் வைத்திருங்கள். நாலரை மணி அசதியில் டீயோடு பன் சாப்பிடுவதை விட அது வெகுநேரம் தாங்கும்.

7. கத்துகிற கஸ்டமர், மைக்கில் திட்டுகிற சூப்பர்வைசர்

ஐம்பது புடவை பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர் உங்களை அவமதிக்கவில்லை. அவர் போன பிறகு "ஏன் விட்டாய்" என்று கேட்பவரால்தான் அது அவமானமாகிறது. ஐந்தாவது புடவையிலேயே பட்ஜெட்டையும் விசேஷத்தையும் கேட்டுவிடுங்கள்: "அக்கா, கல்யாணத்துக்கா, கட்டிக்கவா, எடுத்துக் கொடுக்கவா? எவ்வளவுக்குள்ள பார்க்கலாம்?" பிரிப்பது பாதியாகும், இரவு மடிப்பதும் பாதியாகும். கஸ்டமர் கத்தினால் குரலைத் தாழ்த்துங்கள். "ரெண்டு நிமிஷம் உட்காருங்க, மேனேஜரைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி இடத்தை விட்டு நகருங்கள். தள்ளுபடி, மாற்றிக் கொடுப்பது பற்றிய சண்டைகளில் முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆகவே நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

சூப்பர்வைசரின் வசவை, வந்த வார்த்தைகளிலேயே நோட்டில் எழுதுங்கள். கெட்ட வார்த்தையானாலும் அப்படியே. "மோசமாகப் பேசினார்" என்று எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது.

தூக்கம் வராமல், காலையில் கடையை நினைத்தாலே நெஞ்சு படபடத்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தொடுவது, இடிப்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, இரவில் மெசேஜ் அனுப்புவது எல்லாம் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை. 10 பேர் இருந்தாலே, இந்தப் புகார்களை விசாரிக்கக் கடையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். குழு இல்லை என்றாலோ, செய்தவர் முதலாளியே என்றாலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

8. எழுதிக் கேட்பது

வாய்ப்பேச்சில் முடியவில்லை என்றால், இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கடைக்கே ஒரு கடிதம். வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கு அனுப்பினாலும் சரி. கோபம் எதுவும் வேண்டாம், எண்கள் போதும்: "நான் 2024 ஜூன் 3 முதல் இரண்டாம் தளத்தில் வேலை செய்கிறேன். ஜூலை மாதம் 78 மணி நேரம் கூடுதலாக வேலை செய்துள்ளேன். அதற்கான சம்பளத்தையும் சம்பளச் சீட்டையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பத்துப் பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம் என்ற அலுவலகத்துக்கு மனு. ஒரே பக்கம். கடையின் பெயர், முகவரி, சுமாராக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், உங்கள் வேலை, சேர்ந்த தேதி, சம்பளம், குறை என்ன, எவ்வளவு பாக்கி. நோட்டின் நகலைப் பின்னால் இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீதை நோட்டிலேயே ஒட்டுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அங்கே தரும் மனு எண்ணை வைத்துத் தொடர்ந்து கேட்க முடியும். சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பாக்கியை மூன்று ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஆனால் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்ல உங்கள் நோட்டுதான் வேண்டும்.

இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் உதவி உண்டு. சிஐடியு, ஏஐடியுசி, தொமுச போன்ற சங்கங்களின் மாவட்ட அலுவலகங்களில் கடை ஊழியர் விவகாரம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மனுவைக் கொடுக்கும் முன் ஒருமுறை அவர்களிடம் காட்டுவது நல்லது.

கோபத்தில் செய்யக் கூடாத ஒன்று: எல்லாரும் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருப்பது. பத்துப் பேரோ அதற்கு மேலோ அப்படிச் செய்தால், வேலை விதிகளில் இடமிருக்கும் பட்சத்தில் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. கூட்டாகக் கையெழுத்திட்ட மனுவுக்கு அந்த ஆபத்து இல்லை.

9. நிறுத்திவிட்டால், அல்லது நீங்களே விலகினால்

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நிறுத்த முடியாது. கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இது. "நாளைக்கு வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால், அன்றே மேனேஜருக்கு மெசேஜ் அனுப்புங்கள்: "இன்று மாலை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னீர்கள். நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்." மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இதைச் செய்யாதவர்களைப் பற்றித்தான் "அவரே நின்னுட்டார்" என்று பிறகு கடை எழுதிக் கொடுக்கிறது. மேல்முறையீடு தொழிலாளர் துணை ஆணையரிடம். 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். ராஜினாமாக் கடிதம் எழுதினால்தான் பாக்கி தருவோம் என்றால் எழுதாதீர்கள். அந்தத் தாள் கடையின் கைக்குப் போனால் 41-ஆம் பிரிவின் பாதுகாப்பும் கூடவே போய்விடும்.

நீங்களே விலகுவதானால் நாளைப் பார்த்து விலகுங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்த பிறகு, அடுத்த வேலை கையில் இருக்கும்போது. 20 பேருக்குக் குறையாத கடையில் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உண்டு. ஐந்து ஆண்டு முடியச் சில மாதமே இருந்தால் பொறுத்து முடியுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கும். வேறு ஊரில் வேலை தேடும் பெண்கள், கடை ஹாஸ்டலுக்கு மாற்றாக அரசின் தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தங்குமிடம் கடையின் கையில் இருக்கும் வரை வேலையை விடுவது என்பது அன்றிரவே பெட்டியோடு தெருவில் நிற்பதாகிவிடும்.

விலகிய இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் அனுபவச் சான்றிதழும் கொடுத்திருந்த அசல் தாள்களும் கைக்கு வந்த பிறகு ஐடி கார்டை ஒப்படையுங்கள். பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அடுத்த கடையில் அதே யுஏஎன் எண்ணைக் கொடுத்தால் சேவைக் காலம் தொடரும், பத்து ஆண்டு சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி வரும். பழைய கடை நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று பிஎஃப் இணையதளத்தில் பாருங்கள். செய்யாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்ததும் ஆதாரோடு இணைந்த போன் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.